நிறுத்துக் கொடுக்காத இரக்கம்

வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போகும்போதெல்லாம் முன்னங்கால் தூக்கி நிற்கும் கற்குதிரைகளின் முன்னால் நாங்கள் சற்றுத் தயங்குவதுண்டு. விஜயநகரக் காலத்துச் சிற்பி அவற்றுக்குச் சேணமும் சினமும் கொடுத்தான். வலியை மட்டும் கொடுக்கவில்லை. வலியுள்ள குதிரை ஒன்றை நாங்கள் 2003 இல் அறிந்தோம்.

எங்கள் தெருவில் ஒருவர் மாப்பிள்ளை அழைப்புக்கென்று மட்டக்குதிரை ஒன்றை வாடகைக்கு விட்டுவந்தார். முகூர்த்தத்துக்கு முதல் நாள் அது இடறி விழ, முன்னங்கால் வீங்கிவிட்டது. வாயில்லாச் சீவன் தவிப்பதைக் காணப் பொறாமல், பாட்டியின் முழங்கால் வலிக்கு வாங்கியிருந்த டைக்ளோஃபினாக் மாத்திரைகளை வெல்லத்தில் பொதிந்து ஊட்டினோம். எத்தனை என்று எண்ணவில்லை. பெரிய உடம்புதானே என்று அள்ளிக் கொடுத்தோம். மறுநாள் கடையில் கேட்டு வேறொரு வலி மாத்திரையும் சேர்த்தோம். அன்று மாலை குதிரை நொண்டாமல் ஊர்வலம் போயிற்று. எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் அது புல்லைத் தொடவில்லை. பல்லைக் கடித்தது, கழிந்தது, படுப்பதும் எழுவதுமாக இருந்தது.

கால்நடை மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. "என்ன எடைன்னு நெனச்சுக் குடுத்தீங்க தம்பி?" என்று மட்டும் கேட்டார். பதிலில்லை. அளவு நாடா வாங்கி, முன்னங்கால்களுக்குப் பின்னே நெஞ்சைச் சுற்றி அளந்தார்: 150 செ.மீ. தோள் முனையிலிருந்து பிட்ட முனைவரை 130 செ.மீ. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தார். ஏறத்தாழ 246 கிலோ. நாங்கள் மனத்துக்குள் போட்டிருந்த எடையில் பாதிதான் அது.

வலியை எழுப்பும் அதே சுரப்புகள்தாம் இரைப்பையின் உட்சுவரையும் காக்கின்றன, சிறுநீரகத்துக்குக் குருதியும் விடுகின்றன என்று அவர் விளக்கினார். மாத்திரை அந்த இரண்டையும் சேர்த்தே தடுத்துவிடுகிறது. குதிரையின் இரைப்பையில் அமிலம் இடைவிடாமல் சுரக்கும். விழுங்கியதை அதனால் வாந்தியெடுக்கவும் முடியாது. தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் கெடும். இருவகை வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கேடு பெருகும். குதிரைகளுக்கென்றே நெடுங்காலமாக வழங்கும் ஃபினைல்பியூட்டஸோனுக்குக்கூட முதல் நாள் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் வீதம் இருவேளை, மறுநாள் முதல் அதில் பாதி என்பதே கணக்கு. பயன் தரும் அளவுக்கும் கேடு தரும் அளவுக்கும் நடுவே இடம் மிகக் குறைவு.

நாங்கள் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். பட்டையும் ஜரிகையையும் கிராம் பிசகாமல் நிறுத்து வாங்கி, நெய்த சேலையையும் நிறுத்தே ஒப்படைக்கும் தெரு எங்களுடையது. இரக்கத்தை மட்டும் நிறுக்காமல் கொடுத்துவிட்டோம்.

குதிரை பிழைத்தது. கால்தான் தேறவில்லை. வலி என்பது 'ஊன்றாதே' என்று உடம்பு இடும் கட்டளை. அதை அடக்கிவிட்டு, புண்பட்ட காலாலேயே அன்று அதை நடத்தியிருந்தோம்.

அடுத்த ஆண்டு, 2004 இல், டைக்ளோஃபினாக் ஊட்டப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிகின்றன என்ற ஆய்வு வெளியாயிற்று. கால்நடைகளுக்கு அம்மருந்தை இந்தியா 2006 இல் தடைசெய்தது. கழுகுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் மாற்றாக வந்தது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவற்றுக்கும் 2023 இல் தடை வந்தது. அன்றைய எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளை நைவேத்தியத்துக்கு வந்துகொண்டிருந்த இரு கழுகுகள் 1990களின் இறுதியிலேயே வருவதை நிறுத்திவிட்டிருந்தன. அவற்றின் மறைவுக்கு இம்மருந்தே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வெற்றுப் பாறையைப் பார்க்கும்போதெல்லாம் வெல்ல உருண்டையை நீட்டிய எங்கள் கைகள் நினைவுக்கு வருகின்றன.

இன்றும் தெருவில் யாராவது நொண்டும் மாட்டுக்கோ நாய்க்கோ வீட்டில் மிஞ்சிய மாத்திரையைக் கொடுக்கலாமா என்று கேட்பதுண்டு. வேண்டாம் என்கிறோம். மருத்துவரைக் கூப்பிடச் சொல்கிறோம். அவர் வந்ததும் எடை பார்த்தாரா என்று மறக்காமல் விசாரிக்கிறோம்.