அக்கினிச்சட்டி போகும் தெருவில்

ஆச்சி பசை காய்ச்சுகிற நாற்றம்தான் விடியலுக்கு முன்னே எங்களை எழுப்பிவிடும். மைதா மாவோடு கொஞ்சம் மயில்துத்தம் போட்டுக் கிண்டுவாள், எலியும் பூச்சியும் தீப்பெட்டியில் வாய்வைக்காமலிருக்க. "விரலை வாயில வச்சே, அம்புட்டுத்தான்" என்ற மிரட்டலோடுதான் எங்களுக்குப் பொழுது விடியும். எண்பதுகளின் தொடக்கம். சிவகாசியில் வாசலுக்கு வாசல் மரச்சக்கையும் நீலத்தாளும் கிடந்த காலம். சக்கையை மடித்துத் தாளைச் சுற்றி ஒட்டி வெயிலில் பரப்புவோம். 144 பெட்டி ஒரு குரோஸ்.

சாயங்காலம் ஏஜெண்டு சைக்கிளில் வருவார். மற்ற வீடுகளில் எண்ணிப் பார்க்கிறவர், ஆச்சியின் சாக்கை மட்டும் எண்ணாமலே கட்டித் தூக்குவார். "வேதக்கார அம்மா கணக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். வாய் பிளந்த பெட்டி ஏதும் இருந்தால் ஈடுகட்டட்டும் என்று ஆச்சி நாலைந்து கூடுதலாகப் போட்டிருப்பாள். அது அவருக்குத் தெரியுமோ என்னவோ, சித்திக்குத் தெரியும். "நமக்கு என்ன மிஞ்சுதுன்னு இப்படிப் போடுறீக அத்தை?" என்று முணுமுணுப்பாள். நாலு பெட்டிக் கூலி பெரிதில்லைதான். ஆனால் முழுநாள் கூலியே பெரிதில்லையே!

சனிக்கிழமை ராத்திரி கழுவிக் கவிழ்த்த பசைச்சட்டி திங்கட்கிழமைதான் நிமிரும். அவசரம் என்று ஏஜெண்டு கெஞ்சினாலும் ஞாயிற்றுக்கிழமை ஆச்சி சக்கையைத் தொடமாட்டாள். எதிர்வீட்டு அக்கா ஞாயிற்றுக்கிழமையும் ஒட்டுவார். அதைப் பற்றி ஆச்சி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோயில் விட்டு வந்ததும் அந்த அக்காவின் கைப்பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள், அவர் கை ஓடட்டும் என்று.

பங்குனிப் பொங்கலில்தான் வில்லங்கம் வந்தது. மாரியம்மன் கோயிலுக்கு அக்கினிச்சட்டி எடுப்பவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். வேப்பிலையும் மஞ்சள் சேலையுமாக, கையில் கனலும் சட்டியும் வெறுங்காலுமாக வரிசை நீளும். பங்குனி வெயிலில் தார் இளகிக் கிடக்கும். அப்போது எங்கள் ஊரில் குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று யாராலும் சொல்லமுடியாது. பிடித்து வைத்த அந்தத் தண்ணீரைத்தான் ஆச்சி குடம் குடமாகத் தெருவில் ஊற்றுவாள். அன்றைக்கு எங்களுக்குக் குளியல் கிடையாது. "வேதக்கார ஆச்சி வீடு வந்துருச்சு, காலை நனைச்சுக்கிடுங்க" என்று கூட்டத்தில் குரல் கேட்கும்.

சபைப் பெரியவர் ஒருவர் ஒரு வருஷம் இதைப் பார்த்துவிட்டார். "என்னம்மா இது, நம்ம சாட்சி என்னத்துக்கு ஆகும்?" என்றார். ஆச்சி குடத்தை இறக்கவில்லை. "காலு வேகுதுய்யா அவுகளுக்கு" என்றாள், அவ்வளவுதான். அவர் நல்ல மனிதர்தான், அவருடைய பயமும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நியாயம் ஆச்சி பக்கம்தான்.

சாட்சி என்றால் எனக்கு ஞாயிறு பள்ளிதான் நினைவுக்கு வரும். அங்கே உபதேசியார் எங்களுக்குத் தாமஸ் ராக்லாந்து என்ற மிஷனரியின் கதை சொல்வார். கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் பதவியிலிருந்த படிப்பாளி அவர். மதராசில் மிஷன் செயலாளர் வேலையும் பார்த்தார். அந்த வேலையை விட்டுவிட்டு 1854இல் இந்தக் கரிசல் சீமைக்கு வந்து, ஃபென், மெடோஸ் என்ற இரண்டு தோழர்களோடு கூடாரத்தில் தங்கி ஊர் ஊராக அலைந்தார். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியிலேயே இறந்தார். வயது 43. பெரிய அறுவடை எதையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை. எங்களுக்கு அந்தக் கதையில் பிடித்தது கூடாரம்தான். நாங்களும் சாக்கைக் கட்டிக் கூடாரம் போட்டுப் பசையைக் கொட்டி அடி வாங்கினோம்.

ஆச்சிக்குப் பிடித்தது வேறு. தெற்கே இருந்த திருநெல்வேலிச் சபைகள் தங்கள் செலவில் உபதேசியார்களை முறைவைத்து ராக்லாந்தோடு அனுப்பின. அந்த இடம் வரும்போதெல்லாம், "துரை பேரு நிக்குது. கூட நடந்தவுக பேரு யாருக்குத் தெரியும்?" என்பாள். ராக்லாந்தைப் பற்றி டோனாவூர் ஏமி கார்மைக்கேல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். கூட நடந்தவர்களும் யாரோ ஒருவர் வீட்டுப் பாட்டனார்கள்தான். உங்கள் வீட்டுப் பரணில் பழைய சபைப் பதிவேடோ கடிதமோ கிடந்தால், கறையானுக்கு விட்டுவிடாமல் இறக்கிப் படியுங்கள். அதிலிருக்கும் பெயர்களை எழுதி வையுங்கள்.