பழைய பொட்டியும் பாமினியும்

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்ல புது ஆபரேட்டிங் சிஸ்டம் போடறதுன்னா, பென் டிரைவைச் சொருகி நாலு தடவை 'நெக்ஸ்ட்' அமுக்கறதுதான் வேலைன்னு பலர் நினைக்கிறாங்க. அது அரை மணி நேரம். அதுக்கு முன்னாடி பொட்டிக்குள்ள என்னென்ன ஒளிஞ்சிருக்குன்னு தேடறது ரெண்டு நாள் வேலை மக்களே. சித்தப்பா ஆபீஸ்ல அதைத்தான் பண்ணினேன்.

சித்தப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர்வரிசையில பத்துக்குப் பத்து ரூம். பொட்டி 2014ல வாங்கினது. நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 7. அந்த விண்டோஸை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14ஓட தலைமுழுகிடுச்சு. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ல கெடு முடிஞ்சது. பதினொண்ணு போடலாம்னா டிபிஎம் 2.0 கேக்குது, இன்டெல்னா கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறைக்கு மேலதான்கிறது. வளைச்சு நெளிச்சு ஏத்த வழி இருக்கு. ஆனா அப்டேட் வரும்னு யாரும் உத்தரவாதம் தர மாட்டாங்க. ஊரான் சொத்துப் பத்திரம் இருக்கிற பொட்டியில அந்த விளையாட்டு வேண்டாம்னு லினக்ஸ் மின்ட் 22 முடிவாச்சு. 2029 வரைக்கும் கவலை இல்லை. கூட ஒரு எஸ்எஸ்டி, இன்னொரு 4 ஜிபி ராம். புதுப் பொட்டி விலையோட பார்த்தா இது ஜுஜுபி.

"எல்லாம் டி டிரைவ்ல பத்திரமா இருக்குப்பா"ன்னார் சித்தப்பா. சி-யும் டி-யும் ஒரே ஹார்ட் டிஸ்க்கோட ரெண்டு பாகம், வீடு எரிஞ்சா ரெண்டு ரூமும்தான் போகும்னு சொன்னதும் மனுஷன் முகம் போன போக்கைப் பார்க்கணும். முதல் வேலையா வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி வரச் சொல்லி மொத்தத்தையும் காப்பி பண்ணி, இன்னொரு கம்ப்யூட்டர்ல திறந்தும் பார்த்தேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்னு ஒத்துக்கறதில்லை.

திறந்தா ஒரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்!

நம்ம ஆளுங்களுக்கு இது பழைய கதைதான். இருந்தாலும் புதுசா வந்தவங்களுக்காக: பாமினி மாதிரி பழைய ஃபான்ட்கள்ல அடிச்ச ஃபைலுக்குள்ள தமிழே கிடையாது. எந்தெந்தக் கட்டையை அமுக்கினோம்கிறது மட்டும்தான் இருக்கு. 'அம்மா'ன்னு அடிச்சிருந்தா உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். ஃபான்ட் இருக்கிற வரைக்கும் அது அம்மா. ஃபான்ட் போச்சுன்னா அது யாருமில்லை. இருபது வருஷத்துப் பத்திர நகல், மூணு விதமான ஃபான்ட். அத்தனை ஃபான்ட்டும் இருக்கிறது சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள. அதை யாரு பேக்கப் எடுப்பாங்க?

எல்லாத்தையும் அள்ளிக்கிட்டேன். அதோட, பழைய விண்டோஸ் உயிரோட இருக்கும்போதே லிப்ரே ஆபீஸ் போட்டு ஃபோல்டர் ஃபோல்டரா பிடிஎஃப் ஆக்கினேன். பிடிஎஃப்புக்குள்ளயே ஃபான்ட் போய் உட்கார்ந்துக்கும். எந்தக் காலத்துலயும் கண்ணுக்குத் தெரியும். யூனிகோடுக்கு மாத்தறது ரெண்டாவது. அதையும் நகல்லதான் செய்யணும், மூலத்துல கை வைக்கப்படாது. கன்வர்ட்டர் ஒரு எழுத்தை முழுங்கினா சர்வே நம்பர் பக்கத்துல இருக்கிற பேரு மாறிடும். தப்பாச்சுன்னா கோர்ட்டுக்குப் போற சமாச்சாரம்.

இதுவரைக்கும் நான் பொட்டியைப் பத்தியே யோசிச்சுக்கிட்டிருந்தேன். டைப் அடிக்கிற அக்கா ரொம்ப நேரம் சும்மா பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "தம்பி, கீபோர்டு மாறிடுமா?"

அக்கா தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். தட்டச்சு மெஷின்ல பழகின அதே விரல்தான் பாமினியிலயும் ஓடுது. திரையைப் பார்க்கவே மாட்டாங்க. போன வாரம்தான் சித்தப்பாகிட்ட யாரோ, இப்பல்லாம் வாயால சொன்னா மொபைலே தமிழ்ல அடிக்குது, ஆள் எதுக்குன்னு ஓதிட்டுப் போயிருக்காங்க. அக்கா காதுலயும் விழுந்திருக்கு. அந்தக் கேள்விக்கு அர்த்தம் கீபோர்டு இல்லைன்னு எனக்கு அப்பதான் உறைச்சது.

அதனால இன்ஸ்டால் பண்றதை நிறுத்திட்டு, பென் டிரைவ்ல இருந்தே மின்ட்டை ஓடவிட்டேன். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாம ஓட்டிப் பார்க்கலாம்கிறது லினக்ஸ்ல பெரிய சௌகரியம். ஃபான்ட்டைப் போட்டு, அக்காவை உட்கார வச்சு, ஒரு கிரயப் பத்திரம் அடிங்கன்னேன். விரல் பறந்தது. ஆனா ஒரு வரியில 'அரை ஏக்கர்'ங்கிறது 'ஆரை ஏக்கர்' ஆகி நின்னுச்சு. அக்கா கையை எடுத்துட்டாங்க.

தப்பு அவங்க மேல இல்லை. வாக்கியத்தோட முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கறேன்னு லிப்ரே ஆபீஸ் தானா உதவி பண்ணுது. பாமினியில சின்ன எம் அ, பெரிய எம் ஆ. பழைய வேர்ட்ல இதை எந்தப் புண்ணியவானோ எப்பவோ அணைச்சு வச்சிருக்கார், அது எந்த ஃபைலையும் காப்பி பண்ணினா வராது. ஆட்டோ கரெக்ட்டை மொத்தமா அணைச்சேன்.

இன்னொரு புதையல் வேர்ட் 2003ஓட நார்மல்.டாட் ஃபைல். செக்குபந்தி, சாட்சிப் பத்தி, 'இந்தப்படிக்கு'ன்னு முடியற கடைசி வரி, எல்லாத்தையும் ரெண்டெழுத்துக் குறுக்கா ஆட்டோடெக்ஸ்ட்ல சேர்த்து வச்சிருக்காங்க அக்கா. மொத்தம் நூத்துக்கும் மேல. சித்தப்பாவுக்கே தெரியாது! லிப்ரே ஆபீஸ் அந்த ஃபைலை அப்படியே இறக்குமதி பண்ணிக்குது. குறுக்கை அடிச்சு எஃப்3 அமுக்கணும், வேர்ட்லயும் அதே எஃப்3தான். அதைப் பார்த்ததும்தான் அக்கா சிரிச்சாங்க :-)

அப்புறம் முத்திரைத்தாள்ல முதல் பக்கம் மேல விடற இடைவெளி. வெத்துத்தாள்ல அச்சடிச்சு, நிஜ முத்திரைத்தாள் மேல வச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து, மூணாவது தடவை சரியாச்சு. எல்லாம் ஒத்து வந்த பிறகுதான் எஸ்எஸ்டியில ஏத்தினேன். யூனிகோட்லயும் டைப்ரைட்டர் முறை இருக்கு, ஐபஸ்ல எம்17என் சேர்த்தா வரும். அதை அக்கா மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்துல பழகிட்டிருக்காங்க.

பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்கலை. தேதி எழுதின கவர்ல போட்டு பீரோவுல வச்சாச்சு. சாவி அக்காகிட்ட.