பொத்தானை அழுத்திய பிறகு

டிசம்பர் 8, திங்கள்

அலுவலகம் ஒன்பதரைக்கு. கணக்குப் பிரிவு அக்கா ஒன்பதுக்கே வந்துவிடுகிறார். மடிக்கணினியைப் போட்டுவிட்டு, சாமி படத்துக்குப் பூ வைத்து, தண்ணீர் கேன் மாற்றி, டீயும் குடித்து முடித்த பிறகுதான் டாலி கணக்கு மென்பொருளைத் திறக்க முடிகிறது. இன்று என்னிடம் வந்தார். "தம்பி, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. முன்னாடியும் மெதுவாத்தான் இருந்துச்சு, தீபாவளிக்கு அப்புறம் ரொம்ப மோசம். பதினொண்ணாந் தேதி வேற வருதுங்க." ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கு அதுதான் கெடு.

பக்கத்து மேசைகளில் ஆளுக்கொரு தீர்ப்பு: ஃபார்மட் பண்ணு, ராம் கூட்டு, புதுசு வாங்கு. எனக்கு எதிலும் உடன்பாடில்லை. நேரம் எந்த இடத்தில் போகிறது என்று தெரியாமல் ஃபார்மட் செய்தால் அவருடைய அமைப்புகள் அழியும், நோய் உள்ளேயே இருக்கும். வண்டியும் அப்படியொன்றும் பழசில்லை. 2019-இல் வாங்கியது, எட்டாம் தலைமுறை ப்ராசஸர், 8 ஜிபி ராம், விண்டோஸ் 11 ஓடுகிறது. நாளைக் காலை நானும் ஒன்பதுக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துக் காத்திருப்பை மூன்றாகப் பிரித்தேன். பொத்தானிலிருந்து விண்டோஸ் வட்டம் சுற்றத் தொடங்கும் வரை, அங்கிருந்து கடவுச்சொல் கேட்கும் வரை, கடவுச்சொல் போட்டதிலிருந்து டாலி திறக்கும் வரை. முதல் பகுதி பத்து வினாடிதான். டாஸ்க் மேனேஜர் காட்டும் பயாஸ் நேரமும் ஏறக்குறைய அதுவே. இரண்டாவது, ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். மூன்றாவதுதான் ஒன்பது நிமிடத்தைத் தின்றது.

டாஸ்க் மேனேஜரில் இன்னொன்றும் தெரிந்தது. தினமும் மாலை ஷட் டவுன் செய்கிற இயந்திரம் 26 நாளாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. அக்கா திகைத்துப் போனார். இது 2012-இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுத்தால் நம் நிரல்கள் மூடப்படும். விண்டோஸின் கருப்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதப்பட்டு மறுநாள் அப்படியே மீட்கப்படும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வைப்பது ரீஸ்டார்ட்தான். இதை மக்களுக்கு இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். 'அணைத்துப் போட்டேனே' என்று நம்பி எத்தனை பேர் வாரக்கணக்கில் தேங்கிய கோளாறுகளோடு வேலை செய்கிறார்கள்!

ரீஸ்டார்ட் செய்துவிட்டு, தானாகத் தொடங்கும் நிரல்களின் பட்டியலைத் திறந்தேன். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான மென்பொருள் மட்டும் மூன்று. டோக்கன் காலாவதியாகி வேறு நிறுவனத்தின் டோக்கன் வரும்போதெல்லாம் புதிய மென்பொருள் ஏறியிருக்கிறது, பழையதை யாரும் இறக்கவில்லை. கூடவே எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்ட பிரிண்டரின் உதவி நிரல், இரண்டு மீட்டிங் செயலிகள். போதாக்குறைக்கு இசட் டிரைவ், போன வருடமே கழற்றிவிட்ட பழைய சர்வரைத் தேடிக்கொண்டிருந்தது. இல்லாத சர்வரின் பதிலுக்காக விண்டோஸ் தினமும் காத்திருந்திருக்கிறது. தேவையற்றதையெல்லாம் நிறுத்தி, இசட் டிரைவையும் துண்டித்தேன். வைரஸ் தடுப்பை மட்டும் தொடவில்லை. அதை நிறுத்திப் பெறும் வேகம் நமக்கு வேண்டாம்.

ஒன்பது நிமிடம் ஐந்தாகியது. மற்றவர்களுக்கு அதுவே திருப்தி.

டிசம்பர் 10, புதன்

எனக்கு உறுத்தல் போகவில்லை. நேற்று நிறுத்தியவை எல்லாமே தீபாவளிக்கு முன்பும் இருந்தவைதானே? பிறகு ஏன் திடீரென மோசமானது?

விண்டோஸ் தன் தொடக்கத்தைத் தானே அளந்து எழுதி வைக்கிறது. ஈவென்ட் வியூவரில் டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ் பதிவுகளைத் திறந்தால், 100 என்ற எண்ணுள்ள ஒவ்வொரு பதிவிலும் தொடங்க எடுத்த நேரம் மில்லிவினாடியில் இருக்கும். 101 எண் தாமதித்த நிரலையும், 102 தாமதித்த டிரைவரையும் பெயர் சொல்லிக் காட்டும். ஆகஸ்டில் இரண்டு லட்சத்தை ஒட்டியிருந்த எண், அக்டோபர் கடைசியிலிருந்து ஏறிக்கொண்டே வந்து ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. 101-இல் ஒரே நிரல் திரும்பத் திரும்ப வரவில்லை. நாளுக்கு ஒன்று மாட்டியிருந்தது. ஆக, குற்றவாளி நிரல் இல்லை, எல்லா நிரலுக்கும் அடியில் இருப்பது.

உள்ளே இருப்பது 5400 சுழற்சி ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5400 என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று. முனை நகர்வதற்கான நேரம் தனி. சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகளை வினாடிக்கு நூறுகூடப் படிக்க முடியாது. கடவுச்சொல் போட்டதும் நிரல்களெல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும்போது, ஒற்றை எடையாளர் இருக்கும் ரேஷன் கடையின் மாதக் கடைசிக் கூட்டம்தான். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை. வினாடிக்குப் பல்லாயிரம் முறை படிக்கும்.

ஆனால் 'எப்போதுமே மெதுவு' என்பதற்குத்தான் அது விடை. 'திடீரென மெதுவு' என்பதற்கான விடை, டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் இருந்தது. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும், இல்லை. அப்படியொரு செக்டரில் சிக்கினால் டிஸ்க் மறுபடி மறுபடி படித்துப் பார்க்கும், அதுவரை எல்லாம் உறைந்து நிற்கும். டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது.

அந்த நொடியே சோதனைகளை நிறுத்தினேன். செக்டிஸ்க் ஓட்டிச் சரிபார்க்கலாமே என்றார் ஒருவர். கூடாது. டிஸ்க்கைத் துழாவும் அந்தச் சோதனையைத் தாங்காமல் நலிந்த டிஸ்க் நிரந்தரமாக நின்றுவிடலாம். முதலில் கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும். டாலி தரவு புதிய சர்வரில் பத்திரமாக இருக்கிறது; டெஸ்க்டாப்பில் அக்கா வைத்திருந்த கணக்குச் சரிபார்ப்பு எக்செல்கள் இங்கே மட்டும்தான். எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, திறந்து பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

டிசம்பர் 11, வியாழன்

அக்காவுக்கு மாற்று இயந்திரம். தாக்கல் மதியத்துக்குள் முடிந்தது.

அக்காவின் காலைக் காத்திருப்பை எண்ணியபோது, அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் கால் சென்டர் ஊழியர்கள் தொடுத்த வழக்கு நினைவுக்கு வந்தது. கணினி தொடங்கும் வரை காத்திருக்கும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்றது நிறுவனம். ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 அக்டோபரில், கணினியைத் தொடங்குவது அவர்கள் வேலையின் பிரிக்க முடியாத பகுதி என்று தீர்ப்பளித்தது. அங்குள்ள சட்டம் இங்கே செல்லாது. ஆனால் அக்கா தினமும் கொடுத்துவந்த அரை மணி நேரமும் வேலைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டிசம்பர் 12, வெள்ளி

பிட்லாக்கர் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு, அடிமூடியைத் திறந்து சாட்டா எஸ்எஸ்டி மாட்டினேன். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை குளோன் செய்வதில் நம்பிக்கை இல்லாததால் விண்டோஸைப் புதிதாகவே நிறுவினேன். டோக்கன் மென்பொருள் ஒன்று மட்டும். பொத்தானிலிருந்து டாலி வரை 40 வினாடி.

முதலாளிக்கு எழுதிய குறிப்பில் இரண்டு விஷயம். ஒன்று, அக்காவின் நேரத்தைப் பொத்தானை அழுத்துவதிலிருந்து கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு, அதே 2019-இல் வாங்கிய மற்ற மடிக்கணினிகளிலும் இதே வகை டிஸ்க். திங்கட்கிழமை அவற்றின் ஸ்மார்ட் பதிவுகளைப் பார்க்கிறேன். அடுத்து ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் 20-ஆம் தேதி. பழைய டிஸ்க் அதுவரை என் மேசை இழுப்பறையில் பூட்டில் இருக்கும். பிறகு உடைத்தாக வேண்டும், அதில் வாடிக்கையாளர்களின் பான் எண்கள் இருக்கின்றன.