பூநாரையைத் தேடிப் புந்தலைக்கு

டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவதென்று யோசிக்கிறீர்களா? அம்பாந்தோட்டைக்குக் கிட்டவுள்ள புந்தல தேசியப் பூங்காவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஸுபஹ் தொழுத கையோடு புறப்பட வேண்டும். வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும். ஜீப்பில்தான் சுற்ற வேண்டும். வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். நமக்கு வெறும் சேறாகத் தெரிகிற இடத்தில் அவர் பத்துப் பறவைகளைக் காட்டுவார்.

எங்களுக்கும் காட்டினார்: கூழைக்கடா, நாரை, குளிர்நாடுகளிலிருந்து கடல் தாண்டி வந்த சின்னஞ்சிறு உள்ளான்கள். கரையில் ஒரு முதலை வாயைப் பிளந்தபடி கிடந்தது. என் இளைய மகள்தான் விடவில்லை. "பூநாரை எங்கே வாப்பா?"

வழிகாட்டி ஜீப்பை நிறுத்தச் சொன்னார். முன்பு இங்கே பூநாரைகள் கூட்டங்கூட்டமாக இறங்குமாம். 1980களில் லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் கட்டப்பட்ட பிறகு, வயல்களின் கழிவுநீர் எம்பிலிகல, மாலல களப்புகளில் வந்து சேர்ந்தது. உவர்ப்புக் குறைந்தது. உவர்நீரில் வளரும் நுண்ணுயிர்கள்தானே பூநாரைக்கு இரை! இறாலும் குறைந்து மீனவரும் நொந்தார்கள். 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அடுப்படியில் சொல்வோமே, களப்புக்கும் அதே கதைதான்.

வயலுக்குத் தண்ணீர் வேண்டாமென்று யார் சொல்வார்? அந்த நெல் நம் சட்டியிலும் வெந்திருக்கும்.

"மன்னார்ப் பக்கம் போனால் பார்க்கலாம் மகள்" என்றார் வழிகாட்டி. வீடு வந்து சேருமுன்பே அடுத்த விடுமுறைக்கு மன்னார் என்று அவள் முடிவுசெய்துவிட்டாள்.