நடுவில் மைனஸ்



பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றுக்கு மின்சாரம் ஏறாமல் போன கதையை இப்பக்கத்தில் எழுத வேண்டுமா என்று நெடுநாள் யோசித்தேன். பெட்டியைப் பழுது பார்ப்பது பற்றி மட்டும் சொல்வதாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பழுதைத் தேடிய வழியில் என்னுடைய பழுது ஒன்றும் வெளிப்பட்டது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

1990-களின் தொடக்கத்தில், சவூதியில் வேலை பார்த்து வந்த என் சாச்சா விடுமுறையில் ஊருக்கு வந்தபோது ஒரு மெகா டிரைவ் கொண்டு வந்தார்கள். சேகா நிறுவனம் 1988-இல் ஜப்பானில் வெளியிட்ட கருவி அது. கறுப்புப் பெட்டி, மேலே பொன்னிற எழுத்தில் '16-பிட்' என்று பொறித்திருக்கும். இஷாத் தொழுகை முடிந்து சாப்பிட்ட பின் அரைமணி நேரம் விளையாட உம்மா அனுமதிப்பார்கள். பிள்ளைகளாகிய எங்களைவிட சாச்சாதான் அதிகம் விளையாடுவார்கள். தோற்றுவிட்டால் கட்டுப்பாட்டுக் கருவி மேல் பழி போடுவார்கள். அந்தப் பெட்டி பின்னர் யார் வீட்டுக்குப் போனது என்று நினைவில்லை. சாச்சாவும் சென்ற ஆண்டு வஃபாத்தாகிவிட்டார்கள். அல்லாஹ் அவர்களுடைய கப்ரை விசாலமாக்குவானாக.

சென்னையில் பழைய மின்பொருள் விற்கும் கடையொன்றில் அதே பெட்டியைக் கண்டபோது, என் மகனுக்குச் சாச்சாவைப் பற்றிச் சொல்ல ஒரு வழி கிடைத்ததாகத் தோன்றியது. விலை 3500 ரூபாய். பெட்டி, ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, ஒரு சோனிக் கார்ட்ரிட்ஜ். அடாப்டர் இல்லை. கடைக்காரர் தம்மிடமிருந்த அடாப்டரைச் செருகி, சிவப்பு விளக்கு எரிவதையும் தொலைக்காட்சியில் படம் வருவதையும் காட்டினார். "பாய், இந்த அடாப்டர் விற்பனைக்கு இல்லை. வேற வாங்கும்போது பார்த்து வாங்குங்க, இது மத்தது மாதிரி இல்ல," என்றார். நான் தலையாட்டினேன். காது அங்கே இல்லை. மனம் அதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

வீட்டில் கண்காணிப்புக் கேமராவுக்கு வாங்கிய அடாப்டர் ஒன்று சும்மா கிடந்தது. முனை கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்திவிட்டால் போதும் என்று எண்ணினேன். சுவிட்சைத் தள்ளினேன், விளக்கு எரியவில்லை. மீண்டும் தள்ளினேன். முனையை அசைத்துப் பார்த்தேன். சில நிமிடங்கள் அப்படியே விட்டும் பார்த்தேன். பெட்டியின் துளைகள் வழியே லேசான கருகல் வாடை வந்தது. மகன் என் முகத்தைப் பார்த்துக் கொண்டிருந்தான்.

"கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்." இதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் சொல். கடையில் எரிந்ததை என் கண்ணாலேயே கண்டிருந்தும் அப்படிச் சொன்னேன். உடனே தொலைபேசியில் அவரை அழைத்துக் கடுமையாகப் பேசினேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "கொண்டாங்க பாய், பார்க்கலாம். சரியில்லைன்னா பணத்தைத் திருப்பித் தரேன்," என்றார். அந்தப் பணிவையும் நான் குற்றத்தின் அடையாளமாகவே எடுத்துக் கொண்டேன். மறுநாள் ஜும்ஆ தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் நண்பர்கள் மூவரிடம் அந்தக் கடையின் பெயரைச் சொல்லி, "அங்கே எதையும் வாங்காதீர்கள்" என்றேன். அவர்களில் ஒருவர் அந்த வாரமே அங்கு ஒலிபெருக்கி வாங்கப் போவதாக இருந்தவர். போகவில்லை.

பணத்தைத் திரும்ப வாங்கும் முன், பெட்டியை ஒருமுறை யாரிடமாவது காட்டலாம் என்று தோன்றியது. வானொலி, தொலைக்காட்சி பழுது பார்ப்பதில் நாற்பது ஆண்டுப் பழக்கமுள்ள காக்கா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் கொண்டு சென்று, நடந்ததைச் சொல்லிக் கடைக்காரரையும் இரண்டு வார்த்தை திட்டினேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "யார் மேல தப்புன்னு அப்புறம் பார்ப்போம் தம்பி. கரண்டு எதுவரைக்கும் வருது, எங்க நிக்குதுன்னு முதல்ல பார்ப்போம்," என்றார்.

அவருடைய முறை எளிமையானது. சுவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாகப் பெட்டிக்குள் செல்வது. சுவர்ச் சொருகு, அடாப்டர், பெட்டியின் மின்வாய், சுவிட்ச், அதன்பின் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர், கடைசியாகத்தான் சில்லுகள். ஒரு படியை அளந்து உறுதி செய்யாமல் அடுத்ததைத் தொடக் கூடாது. நடுவிலுள்ள எதையும் ஊகித்துத் தாண்டவும் கூடாது.

முதலிரண்டு படிகளிலேயே காக்கா நிறுத்திவிட்டார். மீட்டரின் சிவப்பு முனையை அடாப்டர் முனையின் நடுத்துளையிலும், கறுப்பு முனையை வெளிப்பக்க உலோகத்திலும் வைத்தார். 12 வோல்ட் என்று காட்டியது. "முதல் மாடல் மெகா டிரைவுக்கு 9 வோல்ட்தான். அதுவும் இப்படி வெச்சா மீட்டர்ல மைனஸ் குறி வரணும். வரலியே," என்றார். பிறகு பெட்டியைக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. அதை நான் முன்பே பார்த்திருந்தேன்; விலைச்சீட்டு என்று நினைத்துப் படிக்காமல் விட்டிருந்தேன். அதில் நீலப் பேனாவால் எழுதியிருந்தது: "9 வோல்ட், 1.2 ஆம்பியர், நடுவில் மைனஸ்."

சகோதரர்களே, அந்த மூன்று சொற்றொடர்களையும் படித்தபோது என் காது மடல் சுட்டது.

இன்று நம் வீடுகளில் உள்ள பெரும்பாலான அடாப்டர்களில் முனையின் நடுப்பகுதி பிளஸ், வெளிப்பக்கம் மைனஸ். முதல் மாடல் மெகா டிரைவில் இது தலைகீழ்: நடுவே மைனஸ். முனை பொருந்துவதால் மின்சாரமும் பொருந்தும் என்று எண்ணக் கூடாது. அதே மெகா டிரைவின் இரண்டாம் மாடலில் நடுப்பகுதி பிளஸ். முனையின் அளவும் வேறு. எனவே 'மெகா டிரைவ் அடாப்டர்' என்று கேட்டு வாங்கினால் மட்டும் போதாது. எந்த மாடலுக்கு என்பதையும் சொல்ல வேண்டும். அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் சிறு வட்டப் படத்தில், நடுப்புள்ளியோடு எந்தக் குறி இணைகிறது என்று பாருங்கள். வோல்ட் கருவி கேட்கும் அளவாக இருக்கட்டும். ஆம்பியர் கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். குறைந்தால், விளக்கு எரிந்தாலும் விளையாட்டின் நடுவே படம் அணைந்து போகலாம். ஜப்பானிலிருந்து வந்த பழைய அடாப்டர் என்றால் அது 100 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது; நம் ஊரின் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அதுவே எரிந்துவிடும்.

அடாப்டரைக் கழற்றிச் சற்று நேரம் கழித்துக் காக்கா பெட்டியைத் திறந்தார். உள்ளே ஓர் உலோக வெப்பத் தகட்டில் இரண்டு ரெகுலேட்டர்கள் திருகப்பட்டிருந்தன. 7805 என்பது அவற்றின் எண். கடைசி இரண்டு இலக்கங்கள் அது தரும் 5 வோல்ட்டைக் குறிக்கின்றன. மூன்று கால்கள்: எழுத்துள்ள பக்கம் நம்மை நோக்கியிருந்தால் இடக்கால் வழியே மின்சாரம் நுழையும், நடுக்கால் தரை, வலக்கால் வழியே 5 வோல்ட் வெளிவரும். உள்ளே குறைந்தது 7 வோல்ட்டாவது நுழைந்தால்தான் வெளியே 5 சீராக வரும். மிஞ்சுவதெல்லாம் வெப்பமாகும், அதற்காகத்தான் அந்தத் தகடு.

சரியான அடாப்டரை வைத்து அளந்தார். மின்வாயில் 9 வோல்ட் இருந்தது. அதன் பற்றவைப்பில் விரிசல் இல்லை. சுவிட்சைத் தாண்டியும் 9 வந்தது. இடக்காலிலும் 9. வலக்காலில், இரண்டு ரெகுலேட்டர்களிலும், ஒன்றுமில்லை. அருகிலிருந்த மின்தேக்கி ஒன்று தலை உப்பியிருந்தது. பிளஸ், மைனஸ் மாறினால் இவ்வகை மின்தேக்கி தாங்காது. வாடை அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். "இது பழசானதால வந்த பழுதில்ல தம்பி. தலைகீழா கரண்டு போயிருக்கு," என்றார் காக்கா. வேறெதுவும் சொல்லவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தருவதாகத் தாமே சொல்லியிருந்தார். பெட்டியைக் கொண்டு போய் வைத்தால் 3500 ரூபாய் கைக்கு வந்துவிடும். நான் என்ன செருகினேன் என்று அவருக்குத் தெரியப் போவதில்லை. இந்த எண்ணம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. விற்பவன் பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். ஆனால் விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால்தான் அந்த வியாபாரத்தில் பரக்கத் என்பது நபிகளார் (ஸல்) அவர்களின் போதனை. அதில் வாங்குபவனும் இருக்கிறான் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

ரிச்சி தெருவில் இரண்டு 7805-உம் ஒரு மின்தேக்கியும் வாங்கினேன். மூன்றும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. பழையவற்றைக் கழற்றியபின், 5 வோல்ட் பாதை தரையோடு ஒட்டிக் கிடக்கிறதா என்று காக்கா முதலில் சோதித்தார். ஒட்டியிருந்தால் புதியவையும் போய்விடும் என்றார். ஒட்டவில்லை. வெப்பப் பசை தடவித் திருகி, பற்றவைத்து, கார்ட்ரிட்ஜ் இல்லாமல் அளந்தபோது 5 வோல்ட் நின்றது. பிறகு கார்ட்ரிட்ஜைச் செருகினோம். சிவப்பு விளக்கு எரிந்தது, படமும் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், சில்லுகள் தப்பித்திருந்தன.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். பெட்டியைக் கொண்டு போகவில்லை. நடந்ததை ஒன்றும் விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் ஒரு கம்பியைச் சுருட்டிக் கொண்டிருந்தார். பிறகு, "போன வாரமே ரெண்டு பேர் வந்து, இங்க ஓடாத பொருளை விக்கிறியாமேன்னு கேட்டுட்டுப் போனாங்க பாய். யார் சொன்னாங்கன்னு தெரியாம இருந்துச்சு," என்றார். "பெட்டி இப்ப ஓடுதுல்ல?" என்று மட்டும் கேட்டார். ஓடுகிறது என்றேன். தேநீர் சொன்னார். என்னால் அதை நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை.

நான் மூவரிடம் சொன்னேன். அவரிடம் வந்தவர்களோ அந்த மூவரில் இல்லாதவர்கள். அடுத்த ஜும்ஆவில் அதே வாசலில் நின்று நண்பர்கள் மூவரிடமும், தவறு என்னுடையது என்று சொன்னேன். ஒலிபெருக்கி வாங்க இருந்தவர் வேறு கடையில் வாங்கிவிட்டிருந்தார். நீங்கள் யாரிடம் சொன்னீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு, அவர்களையும் தேடிப் போனேன். நால்வரைப் பார்த்துவிட்டேன். ஒருவர் துபாய்க்குத் திரும்பிவிட்டார். அவருடைய எண்ணை விசாரித்துக் கொண்டிருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், அவரிடமும் சொல்லிவிடுவேன்.

சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகுமாறும், புறம் பேசாதிருக்குமாறும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் ஒரே வசனத்தில் கட்டளையிடுகிறான். பலமுறை ஓதிய வசனம்தான். முதலில் சந்தேகம், அதன்பின் புறம் என்று நான் சென்ற வழியும் அதுவாகவே இருந்தது. காக்காவைப் போல முதற்படியில் நின்று, என் கையிலிருந்த அடாப்டரைத் திருப்பிப் பார்த்திருந்தால் இரண்டும் நேர்ந்திருக்காது.

மகன் இப்போது விளையாடுகிறான், இஷாவுக்குப் பின் அரைமணி நேரம். தோற்றால் கட்டுப்பாட்டுக் கருவி மேல் பழி போடுகிறான். சாச்சாவும் அப்படித்தான் என்று சொல்லிச் சிரிக்க நினைத்தேன்; அதற்கு முன் என் நினைவு வந்துவிட்டது. பெட்டியின் அடியிலிருந்த காகிதத் துண்டை நான் அகற்றவில்லை. நாளைக்கு இந்தப் பெட்டி வேறொருவர் கைக்குப் போனால் அவருக்கு அது தேவைப்படும். அதன் கீழே இரண்டு ரெகுலேட்டர்களும் ஒரு மின்தேக்கியும் மாற்றப்பட்டவை என்று நானும் எழுதி வைத்திருக்கிறேன்.

அறியாமல் பிறர் மீது பழி சுமத்துவதிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.