பச்சை பிடிக்கும் வரை

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பேஸ்பால் மட்டையை நான் கையால் தொட்டதில்லை. நம் ஊரில் அந்த ஆட்டத்தை யாரும் ஆடி நான் பார்த்ததுமில்லை. ஆனால் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் நேற்று எத்தனை தடவை அவுட் ஆனான் என்று போன கோடை லீவில் என்னைக் கேட்டிருந்தால், பல் விளக்குவதற்கு முன்பே சொல்லியிருப்பேன்.

"என்னடா கதை விடுறே?" என்றார்கள் ஹாஸ்டல் நண்பர்கள். கதை இல்லை, வேலை!

நம் ஹாஸ்டலில் படித்துப் போன சீனியர் ஒருவரின் அண்ணன் அமெரிக்காவில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். அவரும் ஆபீஸ் நண்பர்களும் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஃபேன்டஸி பேஸ்பால் ஆடுகிறார்கள். காசு கட்டி ஆடுவதில்லை. கடைசியாக வருபவர் மற்றவர்களுக்கு ஒரு வேளை விருந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு தினமும் எக்செல் ஷீட்டில் கணக்கு ஏற்ற ஓர் ஆள் தேவைப்பட்டது. மாதம் இரண்டாயிரம் ரூபாய். "தம்பி, எக்செல் தெரியுமா?" என்று போனில் கேட்டார். "தெரியும்ணே" என்றேன். பாதி பொய். மீதி பாதியை அன்று ராத்திரியே கற்றுக்கொண்டேன்.

இந்த விளையாட்டின் கதை சுவையானது. 1980-ல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகையாளரும் நண்பர்களும் ஆரம்பித்தது. அவர்கள் சாப்பிடக் கூடிய ஓட்டலின் பெயரிலிருந்துதான் 'ரோட்டிசரி பேஸ்பால்' என்ற பெயரே வந்தது. நிஜ ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுப்பது போல எடுத்து, கற்பனையாக ஒரு டீம் வைத்துக்கொள்ள வேண்டும். நிஜ ஆட்டத்தில் அவர்கள் அடிக்கிற அடியெல்லாம் நம் கணக்கில் மார்க்காக ஏறும். அந்தக் காலத்தில் பேப்பரைப் பார்த்துக் கையாலேயே கூட்டிப் போட்டார்களாம்.

அண்ணன் ஆடுவது இதில் நீண்ட நாள் வகை. ஒரு ஆட்டக்காரரை வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அதனால் பெரிய ஆட்டத்துக்கு இன்னும் வராத பையன்களையும் இப்போதே பிடித்து வைக்கலாம். அப்படிப் பிடித்து வைக்க ஒவ்வொருவருக்கும் பத்து இடம். யாரைப் பிடிப்பது, யாரை விடுவது? இங்கேதான் மூளைக்கு வேலை.

அமெரிக்காவில் மேஜர் லீக் டீம்கள் 30. ஒவ்வொன்றின் கீழும் சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று நான்கு படிகளில் நான்கு டீம்கள். 2021-ல் மாற்றி அமைத்த பிறகு மொத்தம் 120. அதற்கும் கீழே புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கான பயிற்சி லீக் உண்டு. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பண்ணை முறை! 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீமை நடத்திய பிராஞ்ச் ரிக்கி என்பவர் கொண்டு வந்தது. தேறிய ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கப் பணக்கார டீம்களோடு அவரால் போட்டி போட முடியவில்லை. சரி, நாமே சின்ன டீம்களை வைத்துப் பையன்களை வளர்ப்போம் என்று இறங்கினார். 1926-ல் கார்டினல்ஸ் உலகக் கோப்பைக்குச் சமமான வேர்ல்டு சீரீஸை முதன்முதலாக ஜெயித்தது. பிறகு எல்லா டீமும் அதே வழிக்கு வந்தது. இதே ரிக்கிதான் பின்னாளில் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்குப் போய், கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சனை 1946-ல் மாண்ட்ரியல் பண்ணை டீமில் ஆட வைத்து, 1947-ல் மேஜர் லீக்குக்குக் கொண்டு வந்தவர்.

பண்ணை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் சொந்தப் பண்ணை கிடையாது. அப்பா கூலிக்கு உழுவார், அம்மா நடவுக்குப் போவார். ஆனால் நாற்றங்கால் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

முதல் வாரம் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். அறுபது பையன்களின் பெயர்களை பேட்டிங் சராசரிப்படி மேலிருந்து கீழாக அடுக்கினேன். பேஸ்பாலில் சராசரி என்பது பத்துக்கு எத்தனை தடவை சரியாக அடித்தான் என்பது. .300 என்றால் பத்துக்கு மூன்று. அதுவே அங்கே பெரிய ஆட்டம். (பத்துக்கு ஏழு தடவை ஃபெயில் ஆகிறவன்தான் ஹீரோ. நம் பாலிடெக்னிக்கில் இந்த முறை வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!) .240-க்குக் கீழே இருந்தவர்கள் எல்லோருக்கும் சிவப்பு வண்ணம் அடித்து, "இவங்களை எல்லாம் விட்டுடலாம்ணே" என்று எழுதி அனுப்பினேன். அலபாமா பையன் .231. அவனும் சிவப்பு.

அன்று ராத்திரி போன் வந்தது.

"தம்பி, ஷீட் நல்லாத்தான் இருக்கு. ஆனா வயசு எங்கடா?"

"வயசு எதுக்குண்ணே?"

"அலபாமாக்காரனுக்கு வயசு பத்தொம்போது. அவன் ஆடுறது டபுள்-ஏ. அங்க பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்தி மூணு வயசுக்காரங்க. போன மாசம்தான் கீழ்ப்படியிலேர்ந்து ஏத்தி விட்டிருக்காங்க. அவன் அடிக்கிற .231-ம், இருபத்தஞ்சு வயசுக்காரன் அதே இடத்துல அடிக்கிற .290-ம் ஒண்ணாடா?"

பிறகு மைக் ட்ரவுட் கதையைச் சொன்னார். 2009-ல் ஏஞ்சல்ஸ் டீம் அவரை எடுத்தபோது வரிசையில் 25-வது ஆள். 2011-ல் பத்தொன்பது வயதில் மேஜர் லீக்குக்கு வந்தார். 40 ஆட்டம், சராசரி .220. அந்த எண்ணைப் பார்த்துக் கைவிட்டிருந்தால் அது எவ்வளவு பெரிய தப்பு! அடுத்த வருடம், 2012-ல், சராசரி .326, ஹோம் ரன் 30, ஓடித் திருடிய பேஸ் 49. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் அவர்தான்.

போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நினைவு முதல் செமஸ்டருக்குப் போய்விட்டது.

பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். இங்கே வந்த முதல் நாளே இங்கிலீஷில் பாடம். வாத்தியார் சொல்வதை எழுதுவதா, அதற்கு அர்த்தம் தேடுவதா என்று முடிவு பண்ணுவதற்குள் போர்டை அழித்துவிடுவார். செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது மூன்று அரியர். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். டைல்ஸ் வேலைக்குப் போகும் பையன்களிடம் பேசியும் வைத்துவிட்டேன். எனக்கு நானே சிவப்பு வண்ணம் அடித்துக்கொண்டேன் என்று இப்போது புரிகிறது.

அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். "மூணு பாடத்துல போச்சுப்பா" என்றேன்.

"மொத்தம் எத்தனை?"

"ஏழு."

"அப்ப நாலு பாஸா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார்: "நாத்தைப் பிடுங்கி வேற வயல்ல நட்டா நாலஞ்சு நாள் வாடித்தான் கிடக்கும். பச்சை பிடிக்கட்டும். திங்கக்கிழமை பஸ் ஏறு."

அமெரிக்க அண்ணன் சொன்னதும் இதேதான் அல்லவா? அப்பா எந்த எக்செல்லும் இல்லாமல் சொன்னார்.

அதன் பிறகு அந்த வேலையை ஆசையோடு செய்தேன். கற்றுக்கொண்டதில் சிலவற்றைச் சொல்கிறேன். ஒரு பையனைப் பார்க்கும்போது முதலில் வயது, எந்தப் படியில் ஆடுகிறான் என்பது. இரண்டாவது, ஸ்ட்ரைக்-அவுட்டும் வாக்கும். தப்பான பந்துகளை அடிக்காமல் விட்டால் நாலாவதில் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். அதுதான் வாக். பையன் பந்தைப் பார்த்து ஆடுகிறானா, கண்ணை மூடிக்கொண்டு வீசுகிறானா என்பது சராசரியை விட இதில் சீக்கிரம் தெரிந்துவிடும். மூன்றாவது, ஆடுகிற ஊர். அல்புகெர்க்கி நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசு, பந்து தூரமாகப் பறக்கும். அங்கே அடித்த ஹோம் ரன்னை அப்படியே நம்பக் கூடாது. நான்காவது, மேலே இடம் காலியா? அவன் நிற்கும் இடத்தில் பெரிய டீமில் ஏற்கெனவே ஒரு நட்சத்திரம் பல வருட ஒப்பந்தத்தோடு உட்கார்ந்திருந்தால், இவன் எவ்வளவு அடித்தும் டிரிபிள்-ஏ-விலேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான். பந்து வீசுகிறவர்கள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். முழங்கையும் தோளும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பேஸ்பால் அமெரிக்கா என்ற பத்திரிகை 1990-லிருந்து வருடா வருடம் நூறு இளம் ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்துகிறது. அதை அப்படியே காப்பி அடித்தால் ஃபேன்டஸியில் தோற்றுப் போவோம். அந்த வரிசையில் பந்தைத் தடுத்துப் பிடிக்கும் திறமைக்கும் மதிப்பு உண்டு. ஃபேன்டஸியில் அதற்கு மார்க்கே கிடையாது! நிஜ டீமுக்குத் தங்கமாக இருப்பவன் நமக்குத் தகரமாக இருக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்கவுட் எனப்படும் ஆள் தேடிகள் போடும் மார்க். அது 20-ல் ஆரம்பித்து 80-ல் முடியும். 50 என்றால் மேஜர் லீக்கின் சராசரி ஆள். அடிப்பது, பலம், ஓட்டம், பிடிப்பது, எறிவது என்று ஐந்து திறமைக்கும் இரண்டிரண்டு மார்க். ஒன்று இன்றைக்கு உள்ளது, இன்னொன்று நாளைக்கு ஆகக்கூடியது. இன்று 30, நாளை 55 என்று எழுதுவார்கள். நம் மார்க் ஷீட்டில் அந்த இரண்டாவது கட்டம் இல்லை நண்பர்களே!

ஆனால் அந்த இரண்டாவது கட்டமும் பொய்க்கும். 1991-ல் நியூயார்க் யாங்கீஸ் முதல் ஆளாக எடுத்த பிரையன் டெய்லருக்கு 15 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்தார்கள். 1993-ல் ஒரு கைகலப்பில் தோள் போயிற்று. மேஜர் லீக்கில் ஒரு பந்து கூட வீசவில்லை. மறுபக்கம் மைக் பியாஸா. 1988-ல் 62-வது சுற்றில், குடும்ப நண்பரான டாட்ஜர்ஸ் மேனேஜருக்காகப் போனால் போகிறது என்று எடுத்த ஆள். 427 ஹோம் ரன் அடித்து 2016-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றார். வெனிசுலாவின் ஹோசே அல்டுவே தேர்வுக்குப் போனபோது குள்ளம் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் போய் நின்றார். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 15,000 டாலருக்கு எடுத்துக்கொண்டது. உயரம் 5 அடி 6 அங்குலம்தான். 2017-ல் அமெரிக்கன் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் அவரே.

நம் நாட்டுப் பையன்களும் அந்தப் பண்ணையில் இருந்திருக்கிறார்கள். 2008-ல் ஒரு டிவி போட்டியில் வேகமாக எறிந்து தேர்வான உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எடுத்தது. ஈட்டி எறிந்த கைகள் அவை. இருவரும் மேஜர் லீக்கைத் தொடவில்லை. ஆனாலும் 2009-ல் கீழ் லீக்கில் ரிங்கு ஒரு ஆட்டம் ஜெயித்தார். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் இந்தியர் பெற்ற முதல் வெற்றி அது.

இது யூனியன் மலர் என்பதால் இதையும் சொல்லியே ஆக வேண்டும். நாற்றங்காலில் உள்ள பையன்களில் பெரும்பாலோர் மேலே போவதே இல்லை. ஆனால் அவர்கள் ஆடினால்தான் மேலே போகிறவனுக்கு எதிராளி உண்டு, பயிற்சி உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு, டபுள்-ஏ-வில், வருடத்துக்கு சுமார் 13,800 டாலர்தான் சம்பளமாக இருந்தது. அந்த நாட்டில் அது வாடகைக்கே காணாது. சீசன் முடிந்ததும் கடைகளிலும் கிடங்குகளிலும் வேலை பார்த்தார்கள். 2022-ல் எல்லோரும் சேர்ந்து ஆட்டக்காரர் சங்கத்தில் இணைந்தார்கள். 2023-ல் முதல் ஒப்பந்தம் வந்தது. டபுள்-ஏ சம்பளம் 30,250 டாலர் ஆனது. எக்செல்லில் நான் சிவப்பு அடித்த ஒவ்வொரு வரியும் ஒரு மனிதன், அவனுக்கும் பசி உண்டு என்பது அதைப் படித்தபோதுதான் உறைத்தது. நாளை அப்ரெண்டிஸ் என்ற பெயரில் கம்பெனி வாசலில் நிற்கப் போகிறவர்கள் நாம். இது நமக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

அலபாமா பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அண்ணன் அவனை விடவில்லை. சீசன் முடிவில் சராசரி .248. ஸ்ட்ரைக்-அவுட் குறைந்தது. மேலே போவானா என்று இப்போதும் சொல்ல முடியாது.

என் கதையா? மூன்றில் இரண்டு அரியரை அடுத்த செமஸ்டரிலேயே முடித்தேன். கணக்கு மட்டும் இன்னும் விடவில்லை. இந்த ஏப்ரலில் மறுபடி எழுதுகிறேன். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது ரிசல்ட் நோட்டீஸ் போர்டில் இருக்கும். பார்ப்பவர்கள் மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். எந்த வயலிலிருந்து பிடுங்கி நட்ட நாற்று என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

உங்கள் பக்கத்து பெஞ்சில் இருப்பவனையும் அப்படியே பாருங்கள்.

— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு