மூன்று ஜோர்ஜ்டவுனும் ஒரு புன்னை மரமும்

பினாங்கின் தலைநகரை நாம் ‘ஜோர்ஜ்டவுன்’ என்று எழுதுகிறோம். சென்னையில் உயர்நீதிமன்றத்தை அடுத்த பகுதியை அங்குள்ளவர்கள் ‘ஜார்ஜ் டவுன்’ என்று எழுதுகிறார்கள். எழுத்தில் சிறு வேறுபாடுதான். ஆனால் பெயருக்குரிய மன்னர்கள் வேறு வேறு.

நம் ஊருக்குப் பெயர் தந்தவர் மூன்றாம் ஜார்ஜ். 1786-இல் இத்தீவில் கொடியேற்றிய பிரான்சிஸ் லைட், நகருக்குத் தந்தையின் பெயரையும் தீவுக்கு மகனான வேல்ஸ் இளவரசரின் பட்டத்தையும் சூட்டினார். மகன் மறைந்துபோனார், தந்தை நிலைத்துவிட்டார். இங்கிலாந்தை விட்டு ஒருநாளும் வெளியே போகாத மன்னர் அவர் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

சென்னையின் கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் வெள்ளையர். வெளியே நம்மவர் வாழ்ந்த இடத்திற்குக் ‘கறுப்பர் பட்டணம்’ என்று பெயர். முதலில் அது கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்த பின் தொடர்ந்த போர்க்காலத்தில், எதிரிக்கு மறைவிடம் ஆகிவிடக்கூடாது என்று அக்குடியிருப்பு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. மக்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். வீடு போயிற்று, இழிபெயர் மட்டும் கூடவே போயிற்று. ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடிய 1911-இல்தான் அது ‘ஜார்ஜ் டவுன்’ ஆனது. 1996-இல் மெட்ராஸ் சென்னையானபோதும் அப்பெயர் மாறவில்லை. மாற்றினால் எதற்குத் திரும்புவது?

மூன்றாவது, தென் அமெரிக்காவின் கயானா. டச்சுக்காரரின் ஸ்டாப்ரூக் நகரம் 1812-இல் நம்முடைய அதே மூன்றாம் ஜார்ஜின் பெயரைப் பெற்றது. கரும்புத் தோட்டங்களுக்காகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழர்கள் அங்கும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தமிழை இழந்தார்கள், மாரியம்மனை இழக்கவில்லை.

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் பாட்டி ‘ஜோர்ஜ்டவுன்’ என்று சொல்லி நான் கேட்டதேயில்லை. ஃபெரி ஏறினால் அவருக்கு அது பினாங்குதான். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டிக்கோ அது ‘தஞ்சோங்’. ஏன் தஞ்சோங்? லைட் வந்திறங்கிய முனைக்குத் தஞ்சோங் பெனாகா என்று முன்பே பெயர் இருந்தது. தஞ்சோங் என்றால் நிலமுனை. பெனாகா ஒரு மரம். என்ன மரம் என்று தேடிப் பார்த்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. அது நம் புன்னை! சங்க இலக்கிய வகுப்பில் நெய்தல் திணை என்றதும் மனப்பாடமாக ஒப்பிப்போமே, அதே கடற்கரைப் புன்னை.

தூத்துக்குடிக் கடலோரத்தில் புன்னைக்காயல், தஞ்சாவூருக்குப் பக்கத்தில் புன்னைநல்லூர், இங்கே தஞ்சோங் பெனாகா. எந்த மன்னரும் கட்டளையிடாமலே, கண்ணெதிரே நின்ற மரத்தைப் பார்த்து மக்கள் வைத்த பெயர்கள் இவை.

பாட்டியின் பூசையறையில் புன்னைநல்லூர் மாரியம்மன் படம் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். “அப்புறம் ஏன்யா வெள்ளைக்காரன் பேரு வச்சிருக்காங்க?” என்றார்.

பெயரை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் நகரம் இடம்பெற்றதும் அந்தப் பெயரில்தான். ஆனால், கோர்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகே ஒரு பலகையில் ‘தஞ்சோங் பெனாகா’ என்றும், அதன் கீழே ‘புன்னைமுனை’ என்றும் எழுதி வைக்கலாமே. ஒரு புன்னங்கன்றையும் நடலாம்.